இருபது வயதில் எழுதிய பதில்

டாக்டர் ராதாகிருஷ்ணன் என்றால் நம்மில் பலருக்கு வெள்ளைத் தலைப்பாகையும், செப்டம்பர் 5-ம் தேதி பள்ளிக்கூடங்களில் நடக்கும் விழாவும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அவர் புஸ்தகங்கள் நூல்நிலையங்களில் இருக்கின்றன. கண்ணாடி பீரோவுக்குள், தடித்த அட்டையோடு, கௌரவமாக இருக்கின்றன. படிக்கிறவர்கள் குறைவு, படிக்கிறவர்களிலும் பரீட்சைக்காகப் படிக்கிறவர்களே அதிகம். 1962 முதல் 1967 வரை ஜனாதிபதியாக இருந்த ஒருவரின் எழுத்தை நாம் போய் விமரிசனம் செய்வதா என்ற கூச்சம் வேறு. அவர் 1975-ல் காலமானார். இனியாவது அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டு அவரை ஓர் எழுத்தாளராக, அதுவும் ஒரு காலத்தில் வாலிபராக இருந்த எழுத்தாளராகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது அவருடைய பிற்காலத்துப் பெரிய நூல்களைப் பற்றி அல்ல. 1908-லிருந்து 1926 வரையில், மதத்தைப் பற்றியும் கிறிஸ்தவத்தைப் பற்றியும் அவர் எழுதியவற்றைப் பற்றி. இவற்றைப் படிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நான் வசிப்பது ராயபுரம் பக்கம். இங்கிருந்து தெற்கே நடந்தால் துறைமுகத்துச் சுவர் கூடவே வரும். அந்தச் சுவர் போகிற வழியில் போனால் பாரீஸ் முனை. ஹைகோர்ட்டுக்கு எதிரில் அந்தக் காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை இருந்தது. 1937-ல்தான் அது தாம்பரத்துக்குக் குடிபோயிற்று. அதற்கு முன்னால் நூறு வருஷ காலம் ஜார்ஜ் டவுன்தான் அதன் வீடு. தத்துவ உலகத்தில் ராதாகிருஷ்ணனின் முதல் வார்த்தை பிறந்த இடம் ஆக்ஸ்போர்டும் அல்ல, காசியும் அல்ல. கப்பல் சரக்கும் வக்கீல் குமாஸ்தாவும் மீன் கூடையும் நெருக்கியடித்துக்கொண்டு போகிற இந்த இடம்தான்.

அவர் 1888-ல் திருத்தணியில் பிறந்தவர். படித்த இடங்களைப் பாருங்கள். திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கலாசாலை, பிறகு சென்னையில் கிறிஸ்தவக் கலாசாலை. எட்டு வயதிலிருந்து இருபது வயது வரை பாதிரிமார்களிடமே பாடம். வீட்டில் ஸ்வாமி படமும் சந்தியாவந்தனமும்; பள்ளிக்கூடத்தில் பைபிள் வகுப்பு. தத்துவம் படித்ததுகூட அவராகத் தேர்ந்ததில்லை. உறவினன் ஒருவன் பட்டம் பெற்றுவிட்டுத் தன் பழைய புஸ்தகங்களைக் கொடுத்தான். அவை மனோதத்துவமும் தர்க்கமும் ஒழுக்கவியலும். பணத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று அதே பாடத்தை எடுத்துக்கொண்டார். நம் ஊரில் எத்தனையோ பேருடைய வாழ்க்கை இப்படிப் பழைய புஸ்தகத்தால் தீர்மானமாகியிருக்கிறது. நானே கணக்கு எடுக்காமல் போனதற்கு என் மாமா மகன் தொலைத்துவிட்ட ஜியோமெட்ரி புஸ்தகம்தான் காரணம். அதை விடுங்கள்.

கிறிஸ்தவ ஆசிரியர்கள் ஹிந்து மதத்தைப் பற்றி வகுப்பில் சொன்ன கண்டனங்கள் தம்மை உறுத்தின என்றும், அதனால்தான் ஹிந்து மதத்தைத் தாமே ஆராயப் புகுந்ததாகவும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். விவேகானந்தரின் பேச்சுக்கள் அந்த வயதில் அவருக்கு ஒரு தெம்பைக் கொடுத்தன. ஆனால் பேச்சு வேறு, பரீட்சைத் தாளில் எழுதுவது வேறு. எம்.ஏ. பட்டத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அவர் எடுத்துக்கொண்ட விஷயம் வேதாந்தத்தின் ஒழுக்கவியலும் அதன் தத்துவ அடிப்படையும். 1908-ல் அது சென்னையில் சிறு நூலாக அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபது.

பாதிரிமார் தரப்புக் குற்றச்சாட்டு இதுதான். உலகம் மாயை என்கிறீர்கள். மாயையான உலகத்தில் நல்லது ஏது, கெட்டது ஏது? பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி கிடந்தால் அந்தப் பட்டினியும் மாயைதானே? அப்படியானால் உங்கள் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை. இதற்குப் பையன் சொன்ன பதிலின் சாரம்: மாயை என்றால் உலகம் இல்லை என்று அர்த்தமில்லை, உலகம் தன்னால் தானே நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆத்மா என்று கண்டவன் அயலானை நேசிக்காமல் இருக்க முடியாது. ஆகவே, அயலானை நேசி என்ற கட்டளைக்குக் காரணம் சொல்லக்கூடியது வேதாந்தம்தான்.

நல்ல பதில். கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. துறைமுகத்துப் பக்கத்தில் குடியிருப்பதாலோ என்னவோ எனக்கு இது ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு மாதிரிப் படுகிறது. 1657-ல் தாரா ஷிகோ உபநிஷத்துக்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தான். ஆங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை லத்தீனாக்கி 1801, 1802-ல் வெளியிட்டார். அந்த லத்தீனை ஷோபன்ஹோவர் படித்துச் சொக்கிப் போனார். ஷோபன்ஹோவரின் பக்தரான பால் டாய்சன் 1893-ல் பம்பாய்க்கு வந்து, பைபிள் அயலானை நேசி என்கிறது, ஏன் என்பதற்கு உங்கள் உபநிஷத்தில்தான் விடை இருக்கிறது என்று நம்மவர்களிடமே பேசிவிட்டுப் போனார். நாம் பூரித்துப் போனோம். இங்கிருந்து போன பஞ்சு அங்கே துணியாகித் திரும்பி வந்த கதைதான். சங்கரரிடம் இந்த அயலான் வாதம் இல்லை, இது ஜெர்மனியில் நெய்த துணி என்று பால் ஹாக்கர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1960-களில் எழுதினார். அவர் கொஞ்சம் கடுமையாகவே எழுதினார். வெளியில் நெய்யப்பட்டது என்பதற்காகத் துணி உடுத்த லாயக்கில்லாமல் போய்விடாது. ஆனால் உடுத்திக்கொள்கிறவன் அது தன் வீட்டுத் தறியில் நெய்தது என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை.

அந்தக் கட்டுரையைத் திருத்தப் போகிறவர் துறைத் தலைவர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்துக்காரர், 1903-ல் சென்னைக்கு வந்தவர், பாதிரி ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று மாணவர் பயந்திருக்கிறார். ஹாக் கோபித்துக்கொள்ளவில்லை. மிகச் சிறந்த வேலை என்று பாராட்டினார். ராதாகிருஷ்ணனோ பின்னாளில் அந்த நூலைத் திரும்பிப் பார்த்து, இதை எழுதினோமே என்று வெட்கப்பட்டார். அலங்காரப் பேச்சு நிறைந்த சிறுபிள்ளைத்தனம் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

என் அபிப்பிராயம் வேறு. அவர் வெட்கப்பட்ட அந்தச் சின்னப் புஸ்தகம், அவர் பெருமைப்பட்ட பல புஸ்தகங்களைவிட உயிருள்ளது. அதில் ஒருவனுக்கு வலிக்கிறது. வலிக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு எழுதுகிறான். வாதத்தில் ஓட்டை இருக்கலாம், ஆள் இருக்கிறான். பின்னால் எழுதிய நூல்களில் வாதம் வழுவழுப்பாகிவிட்டது. ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

ஹாக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது அவரை வெறும் வில்லனாகவோ வெறும் பரீட்சகராகவோ ஆக்கிவிடுகிறார்கள். அவர் அந்த வருஷங்களில் கலாசாலைப் பத்திரிகையில் கர்மத்தையும் மீட்பையும் பற்றித் தொடர்ந்து எழுதி, 1909-ல் நூலாக்கினார். அந்தக் காலத்துப் பாதிரிமாரில் தாராள மனசுக்காரர்களுக்கு ஒரு வழி இருந்தது. ஹிந்து மதம் பொய் என்று சொல்ல மாட்டார்கள். அது பாதி வழி, கிறிஸ்து அதன் பூர்த்தி என்பார்கள். ஜே. என். பார்குஹர் 1913-ல் எழுதிய நூலின் தலைப்பே ஹிந்து மதத்தின் கிரீடம் என்றுதான். கிரீடம் என்றால் கிறிஸ்து. அதாவது மதங்களெல்லாம் ஓர் ஏணி. கீழ்ப்படி, நடுப்படி, மேற்படி. கேட்க இனிமையாக இருக்கும். மேற்படியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஹாக் இந்த ஏணியை நம்பவில்லை. ஒரு ஹிந்து கேட்கிற கேள்வியே வேறு, கிறிஸ்தவன் கேட்கிற கேள்வியே வேறு. ஒருவன் கேட்காத கேள்விக்கு இன்னொருவன் எப்படிப் பூர்த்தியான பதிலாவான் என்பது அவர் எண்ணம். அதனால் அவர் கர்மத்தை நேராக எடுத்துக்கொண்டு கேட்டார்: ஒருவன் படுகிற துன்பம் முழுவதும் அவனவன் கணக்கிலேயே எழுதப்பட்டு, அவனவனே தீர்க்க வேண்டிய கடன் என்றால், ஒருவன் சுமையை இன்னொருவன் சுமப்பதற்கு இடம் எங்கே?

மாயையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார் ராதாகிருஷ்ணன். சுமையைப் பற்றிய இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே இன்னொரு வாலிபனை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஹெகல். நம் ராதாகிருஷ்ணன் கட்டுரை எழுதுவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 1907-ல், ஹெர்மன் நோல் என்பவர் ஹெகலின் இளமைக்கால மதக் கட்டுரைகளை முதல் முறையாக அச்சிட்டார். ஹெகல் செத்து எழுபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. ட்யூபிங்கனில் பாதிரிப் படிப்புப் படித்துவிட்டு, பெர்னிலும் பிராங்பர்ட்டிலும் பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, இரவில் எழுதியவை அவை. 1795-ல் எழுதிய ஏசுவின் சரித்திரத்தில் அற்புதங்களே கிடையாது. ஏசு ஏறக்குறைய கான்ட்டின் மாணவர் மாதிரி பேசுகிறார். அடுத்த கட்டுரையில், சுதந்திரமான மனிதனாக ஏசு சொன்னது எப்படிச் சட்டமும் அதிகாரமும் சபையுமாக இறுகிப் போயிற்று என்று கேட்கிறார். இரண்டு மூன்று வருஷம் கழித்து அதுவும் திருப்தியில்லாமல், சட்டத்துக்குப் பதில் அன்பை வைத்து மறுபடி எழுதிப் பார்க்கிறார். யூதர்களைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பது படிக்கவே கசக்கிறது. தன் ஏசுவை உயர்த்த யூத மதத்தை மிதிக்க வேண்டியிருந்திருக்கிறது அவருக்கு. இவ்வளவையும் எழுதி, ஒன்றையும் அச்சுக்குக் கொடுக்காமல், பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

ஹெகல் தன் சொந்த மதத்தைப் பார்த்துக் கேட்டார். ராதாகிருஷ்ணன் தன் மதத்தின் சார்பில் வெளியாருக்குப் பதில் சொன்னார். இது குறை என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து அப்பாவோடு சண்டை போடுவது வேறு. தெருவில் போகிறவன் வாசலில் நின்று அப்பாவைத் திட்டும்போது அதே பிள்ளை என்ன செய்வான்? அப்பாவின் குற்றங்குறையை அப்போது எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் அவன் பிள்ளையே அல்ல. 1908-ல் ராதாகிருஷ்ணன் வாசலுக்கு ஓடி வந்த பிள்ளை. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கிறது. அவர் கையில் எடுத்துக்கொண்ட கம்புகூட எதிராளியுடையதுதான். ஹெகல் பிற்காலத்தில் மதங்களை வரிசைப்படுத்தி உபந்நியாசம் செய்தபோது இந்திய மதத்தைக் கீழே எங்கோ உட்கார வைத்து, கிறிஸ்தவத்தை உச்சியில் வைத்தார். ஹெகலின் வழியில் வந்த கிரீனும் கேர்டும் பிராட்லியும் பேசிய பாஷைதான் சென்னையில் பாடமாக நடந்தது. அந்தப் பாஷையிலேயே ராதாகிருஷ்ணன் வேதாந்தத்தைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டார்.

ஆனால் தெருவில் போகிறவன் போன பிறகு?

1920-ல் அவர் மைசூரில் பேராசிரியராக இருந்தபோது வந்த புஸ்தகம் தற்காலத் தத்துவத்தில் மதத்தின் ஆட்சியைப் பற்றியது. தைரியமான புஸ்தகம், சந்தேகமில்லை. இந்தியர்களுக்குத் தத்துவம் கிடையாது, மதம்தான் உண்டு என்று மேல்நாட்டார் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இவர் திருப்பிக் கேட்டார்: தத்துவம் பேசுகிற நீங்களே மதத்தின் பிடியில் இருக்கிறீர்களே? பெர்க்ஸன், வில்லியம் ஜேம்ஸ், ஜேம்ஸ் வார்டு, ஆய்க்கன் என்று ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி, இவர்கள் அறிவு போகிற வழியே போயிருந்தால் எல்லாம் ஒன்று என்ற அத்வைத முடிவுக்கு வந்திருப்பார்கள். இடையில் மத நம்பிக்கை வந்து கையைப் பிடித்து இழுத்ததால்தான் பலவாகப் பிரித்துவிட்டார்கள் என்று வாதாடுகிறார். வக்கீல் சாமர்த்தியம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. கடைசி அத்தியாயத்துக்கு வந்தால் உபநிஷத்து வழியில் ஒரு தத்துவத்தைத் தாமே முன்வைக்கிறார்! மற்றவர்கள் எல்லாரும் மதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று சொன்ன வாயில்காப்போன், கடைசியில் தன் மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளே போகிறான். அவருடைய மதம் அறிவோடு ஒத்துப்போகிறது, மற்றவர்களுடையது ஒத்துப்போகவில்லை என்பது அவர் பதிலாக இருக்கும். ஜேம்ஸ் வார்டும் அதையேதான் சொல்லியிருப்பார்.

பிறகு 1926. ஆக்ஸ்போர்டில் மான்செஸ்டர் கலாசாலையில் அப்டன் சொற்பொழிவுகள். ஹிந்துவின் வாழ்க்கை நோக்கைப் பற்றிய அந்த நூல்தான் உலகம் முழுவதும் பரவியது. இங்கிலீஷ் வசனம் அருவி மாதிரி ஓடுகிறது. சண்டைக்காரத் தொனியே இல்லை, விருந்தாளியின் குரல். எல்லா மதத்துக்கும் இடமுண்டு என்கிறார். எங்கே இடம் என்பதையும் சொல்கிறார். அருவமான பரம்பொருளை நாடுகிறவர்கள் முதலில். ஈசுவரனை வழிபடுகிறவர்கள் அடுத்து. ராமன், கிருஷ்ணன், புத்தன் என்று அவதாரங்களை வழிபடுகிறவர்கள் அதற்கடுத்து. பித்ருக்களையும் முனிவர்களையும் வழிபடுகிறவர்கள் அதற்கும் கீழே. சின்னத் தேவதைகளையும் ஆவிகளையும் வழிபடுகிறவர்கள் எல்லாருக்கும் அடியில்.

பார்குஹரின் ஏணி! படிகள்கூட மாறவில்லை. தலைகீழாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கிறிஸ்து உட்கார்ந்திருந்த இடத்தில் நிர்க்குணப் பிரம்மம். ஏசுவை அவதாரமாக வழிபடுகிறவனுக்கு மூன்றாவது படி. ஏணியை நம்பாத ஹாக்கிடம் படித்துவிட்டு, ஹாக் வேண்டாம் என்று சொன்ன ஏணியை இவர் எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த ஏணியின் அடிப்படியில் நிற்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் என் தெருக்காரர்கள். ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது பேதுரு அப்போஸ்தலர், பெயரால் வந்தது. படகோட்டுகிறவர்கள் சேர்ந்து எழுப்பிய கோயில் அது. மீன் பிடிக்கிறவன் மீன் பிடித்த ஒரு சீடனைத் தன் ஆளாகக் கொண்டான். பரம்பொருளுக்கு ஒரு படி கீழே இறங்கிவிட்டதாக அவன் நினைக்கவில்லை. வடக்கே திருவொற்றியூருக்குப் போனால் தியாகராஜரும் வடிவுடையம்மனும் இருக்கிற அதே கோயிலில் வட்டப்பாறை அம்மன் இருக்கிறாள். அவள் உக்கிரத்தைச் சங்கரரே வந்து தணித்தார் என்பது ஸ்தல ஐதிகம். சரித்திரமா, கதையா என்பது இருக்கட்டும். அத்வைத ஆசாரியரை அம்மன் எதிரில் கொண்டுவந்து நிறுத்திய இந்த ஊர் ஜனங்களுக்கு ஏணியின் ஞாபகமே இல்லை. கொஞ்ச தூரத்தில் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. காதற்ற ஊசியும் வாராது என்று செல்வத்தைத் தூக்கி எறிந்த கதைக்காரர். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற இடத்தில் நின்று பாருங்கள். கூழ் வாங்குகிற கைகளில் சிலுவை பச்சை குத்திய கையும் இருக்கும். இவர்களை மேலிருந்து கீழே வரிசைப்படுத்துவதற்கு ஆக்ஸ்போர்டு தூரம் தேவைப்படுகிறது.

இப்போது அந்தச் சுமைக் கேள்வி. அதே 1926 நூலில் கர்மத்தை விளக்க ஓர் உவமை சொல்கிறார். பிரசித்தமான உவமை. வாழ்க்கை பிரிட்ஜ் சீட்டாட்டம் மாதிரி, கைக்கு வரும் சீட்டுக்கள் முன்வினை, நாம் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் ஆடுவது நம் சாமர்த்தியம். விதியும் சுதந்திரமும் ஒரே உவமையில் அடங்கிவிட்டன. சபையில் கைதட்டல் நிச்சயம்.

எங்கள் தெருவில் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். சாயங்காலம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நகராமல் நிற்கிற நேரத்தில் வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"கைக்கு வர்ற சீட்டு போன ஜன்மத்துக் கணக்கு, நைனா. ஆடறது நம்ம கையில இருக்குன்னு ஒரு பெரிய மனுஷர் எழுதியிருக்கார்."

அவர் யோசித்தார். "அத்தெல்லாம் கரீட்டு சார். சீட்ட கலைச்சுப் போட்டவன் யாரு? அவனும் கூட குந்தி ஆடறானா? அத்த பாரு மொதல்ல."

பிரிட்ஜில் சீட்டைக் கலைத்துப் போடுகிறவனும் உட்கார்ந்து ஆடத்தான் செய்கிறான். அது மட்டுமா, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவன் சீட்டை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். அவன் சீட்டையும் இன்னொருவன் ஆடுவான். டம்மி என்று அவனுக்குப் பெயர். ராதாகிருஷ்ணன் உவமையைச் சொன்னபோது இந்த டம்மியை ஏன் மறந்தார்? தத்துவ நூலை உவமையை வைத்து மடக்குவது நியாயமல்ல என்று சொல்வீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தத்துவாசிரியருக்கு எந்த உவமை இயல்பாக வாயில் வருகிறது என்பதிலிருந்து அவர் யாரோடு உட்கார்ந்து பேசுகிறார் என்பது தெரிகிறது.

அந்த நூலில் ஜாதியைப் பற்றியும் சொல்கிறார். வெவ்வேறு இனங்கள் ஒன்றையொன்று அழித்துவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் வாழ இந்தியா கண்டுபிடித்த ஏற்பாடு அது என்கிறார். நாளடைவில் கொடுமையாகச் சீர்கெட்டுவிட்டது என்பதையும் சொல்லாமல் இல்லை. ஆனால் அழுத்தம் ஏற்பாட்டின் மேல்தான். இந்தச் சொற்பொழிவுக்கு ஐந்து வருஷம் முன்னால், 1921-ல், பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம். 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குப் பெரிய சோதனை. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இருந்த சண்டை ஜாதிச் சண்டையாகத் திரும்பியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. ராதாகிருஷ்ணன் படித்த கலாசாலை வாசலிலிருந்து புளியந்தோப்பு நடந்து போகிற தூரம். பக்கத்தில் பக்கத்தில் வாழ வைத்த ஏற்பாட்டின் யோக்கியதை அங்கே தெரிந்தது. பிற்காலத்தில் தீண்டாமையை அவர் வன்மையாகக் கண்டித்தார். 1947-ல் வந்த மதமும் சமுதாயமும் பற்றிய நூலில் குரலே வேறாக இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். 1926-ல் இல்லை.

அதே 1926-ல் சென்னையில் இன்னொரு புஸ்தகம் வெளியாயிற்று. ஏசுவை அவதாரம் என்று சொல்லும் புஸ்தகம். எழுதியவர் வி. சக்கரைச் செட்டியார். அவரும் அதே கிறிஸ்தவக் கலாசாலை. அவரும் தத்துவ மாணவர். ராதாகிருஷ்ணனுக்கு எட்டு வயது மூத்தவர். ஒரே சுவருக்குள் ஒரே பாடத்தைக் கேட்டு, 1903-ல் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற பிறகு பாதிரிமாரின் பாஷையைப் பேசவில்லை. அவதாரம், பக்தி, சக்தி என்ற நம் வார்த்தைகளிலேயே ஏசுவைச் சொல்லப் பார்த்தார். ஹிந்துக்களுக்கு அது பிடிக்கவில்லை. பாதிரிமார் பலருக்கும் பிடிக்கவில்லை. தத்துவம் என்று பார்த்தால் ராதாகிருஷ்ணனின் நேர்த்தி அவருக்கு இல்லை. இடறி இடறித்தான் எழுதுகிறார். ஆனால் அந்த மனிதர் வக்கீல் அங்கியோடு தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் போனார். 1941-ல் சென்னை மேயரானார். அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸின் தலைவராகவும் இருந்தார். ஒருவன் சுமையை இன்னொருவன் சுமக்க இடம் எங்கே என்ற ஹாக்கின் கேள்வியை அவர் ஆலை வாசலுக்குக் கொண்டுபோனார் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது. நம் தத்துவ சரித்திரங்களில் அவர் பெயருக்கு ஒரு வரிகூட ஒதுக்காததற்குக் காரணம் அவர் நடை சரியில்லை என்பது மட்டும்தானா என்று தெரியவில்லை.

ராதாகிருஷ்ணனை அந்த இருபது வயதுக் கேள்வி கடைசி வரை விடவில்லை. ஆல்பெர்ட் ஷ்வைட்ஸர் 1935-ல் இந்தியச் சிந்தனையைப் பற்றி எழுதிய நூலில், அது உலகத்தையும் வாழ்க்கையையும் மறுக்கிறது, ஆகவே ஒழுக்கத்துக்கு அதில் வேர் இல்லை என்று பழைய குற்றச்சாட்டையே புதிதாகப் படித்தார். 1939-ல் கீழைநாட்டு மதங்களையும் மேலைநாட்டுச் சிந்தனையையும் பற்றி எழுதிய நூலில் ராதாகிருஷ்ணன் அதற்கு ஒரு நீண்ட அத்தியாயத்தில் பதில் சொன்னார். முப்பத்தொரு வருஷத்துப் படிப்பு அதில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் பேராசிரியர் என்ற பதவியும் அப்போது இருந்தது. எனக்கென்னவோ அதைப் படிக்கும்போது பாரீஸ் முனையில் பரீட்சைத் தாளை நீட்டிவிட்டுப் பயந்துகொண்டு நின்ற பையன்தான் தெரிகிறான்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், 1938 டிசம்பரில், தாம்பரத்தில் புதுக் கட்டடத்தில் குடியேறியிருந்த அதே கலாசாலையில் உலகப் பாதிரி ஸ்தாபனங்களின் மகாநாடு கூடிற்று. கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் நடுவில் பாலமே கிடையாது என்று ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர் மகாநாட்டுக்காகவே ஒரு பெரிய புஸ்தகம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை மறுத்துப் பேசியவர்களில் அறுபத்துமூன்று வயது ஹாக் ஒருவர். கிறிஸ்தவர் அல்லாதவர்களின் கொள்கைகள் வேறு, அவர்களுடைய விசுவாசம் வேறு. அந்த விசுவாசத்தைக் கடவுள் சந்திக்கவில்லை என்று எந்த அதிகாரத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்டார். சென்னையில் முப்பத்தைந்து வருஷம் ஹிந்துப் பையன்களுக்குப் பாடம் சொன்னவர் அவர். அந்தப் பையன்களில் யாரை நினைத்துக்கொண்டு கேட்டாரோ.